அருட்பாவின் அடுக்குமுறை

கடலூரை அடுத்த மஞ்சக்குப்பத்தின் நீதிமன்றத்திற்குத் தமிழிலக்கிய வரலாற்றில் ஓர் இடமுண்டு. யாழ்ப்பாணத்து ஆறுமுக நாவலர் வடலூர் இராமலிங்க அடிகள்மீது 1869-ஆம் ஆண்டு தொடர்ந்த வழக்கு அங்கேதான் விசாரிக்கப்பட்டது. வழக்கு எழுந்தது, சிதம்பரத்தில் பேசப்பட்ட பழிச்சொற்களை முன்னிட்டு. ஆயினும் பூசலின் வேர், அதற்கு ஈராண்டு முன்னர் அச்சேறிய ஒரு நூலின் பெயரிலும் பகுப்பிலும் இருந்தது. பாட்டில் என்ன குற்றம் என்று இரு திறத்தாரும் பக்கம் பக்கமாக எழுதினர். அந்நூல் அடுக்கப்பட்ட விதத்தை நிதானமாக நோக்கியவர் மிகச் சிலரே. நாம் இங்கு ஆராயப் புகுவது அதனையே.

அடிகள் தம் பாடல்களைத் தாமே தொகுத்தாரல்லர். அன்பர்கள் வற்புறுத்திக் கேட்டபின்னரே அச்சிட இசைந்தார். அப்போதும் தம்மை 'இராமலிங்கசாமி' என்று வழங்குதல் ஆரவாரமெனக் கடிதமெழுதி மறுத்தார். தொகுத்து, வகுத்து, பெயர் சூட்டியவர் அவருடைய மாணாக்கர் தொழுவூர் வேலாயுத முதலியார். தொகுதிக்குத் 'திருவருட்பா' என்றும், அதன் பிரிவுகளுக்குத் 'திருமுறை' என்றும் அவர் பெயரிட்டார். முதல் நான்கு திருமுறைகள் 1867-இல் வெளிவந்தன.

'திருமுறை' என்பது சைவர்க்கு வெறும் 'பாகம்' என்று பொருள்படும் சொல்லன்று. நம்பியாண்டார் நம்பி தொடங்கி வகுத்த பன்னிரண்டிற்கே அது உரியது. அச்சொல்லை அன்று உயிரோடிருந்த ஒருவரின் பாடல்மீது வைத்தபோது, அடுக்கியவர் தம்மையறியாமலே ஒரு தீர்ப்பை எழுதிவிட்டார். நாவலரின் சினம் பெரிதும் அந்தத் தீர்ப்பின்மீது எழுந்தது. மாணாக்கர் இட்ட தலைப்புக்கு ஆசிரியர் விடை சொல்ல நேர்ந்தது.

இனி உள்ளடுக்கைக் காண்போம். முதல் திருமுறை 'திருவடிப் புகழ்ச்சி'யில் தொடங்குகிறது. நூற்றிருபத்தெட்டுச் சீர்களால் நீண்டு செல்லும் அப்பாட்டு, அரும்பிய இளங்கவியின் முதல் முயற்சி ஆகாது. தெய்வ வணக்கத்தை வாயிலில் நிறுத்தும் மரபே அதனை அங்கு வைத்தது. நான்காந் திருமுறையில் அன்புமாலை, அருட்பிரகாச மாலை போன்றவை அமைந்தன. சென்னையை நீங்கி 1858-க்குப் பின் கருங்குழியில் வாழ்ந்த முதிர்ந்த உள்ளத்தின் குரல் அவற்றில் கேட்கிறது. 1880-இல் வெளிவந்த ஐந்தாந் திருமுறையிலோ திருத்தணிகை முருகன்மீது இளமையிற் பாடிய பதிகங்கள் நிற்கின்றன! வரிசைப்படி படிப்பவன் முதியவரோடு பேசிக்கொண்டிருந்து, ஏட்டைத் திருப்பியதும் ஓர் இளைஞரின் முன் நிற்கிறான். அடுத்த ஏட்டில் மீண்டும் முதியவர். இதனை நாம் சிறு குறையாகக் கருதவில்லை. சாதியையும் சமயப் பிணக்கையும் மறுத்துப் பேசும் ஆறாந் திருமுறை எத்தனை ஆண்டுத் தேடலின் பயன் என்பது, இவ்வடுக்கில் மறைந்து போகிறது. இளமையில் உருவ வழிபாட்டில் உருகியவர் 1872-இல் ஆயிரத்தைந்நூற்றுத் தொண்ணூற்றாறு அடிகளில் அருட்பெருஞ்ஜோதி அகவல் பாடும் நிலைக்கு எவ்வாறு வந்தார்? அருட்பாவைப் பயில்வோர் கேட்கவேண்டிய முதன்மையான வினா இது. பழைய அடுக்கு அதனைக் கேட்கவே விடுவதில்லை.

அந்த ஆறாந் திருமுறையும் தொழுவூரார் கையால் வெளிவரவில்லை. அடிகள் மறைந்து பதினொரு ஆண்டுகள் கழித்து, 1885-இல் பிற அன்பர்கள் அதனை அச்சேற்றினர். சைவ மரபில் ஊறிய மாணாக்கரின் தயக்கம் நமக்கு விளங்காமலில்லை. அவர்மீது பழி கூறவும் நாம் விரும்பவில்லை. அவரில்லையேல் பாடல்களிற் பல நமக்குக் கிடைத்திரா.

அடுக்கு மாறினால் வினாவும் மாறும் என்பதை நம்மவர்க்கு நீட்டிச் சொல்ல வேண்டியதில்லை. இமாம் அஹ்மது (ரஹ்) அவர்களின் முஸ்னது, ஹதீதுகளை அறிவித்த தோழர்களின் பெயரால் தொகுத்தது. இமாம் புகாரி (ரஹ்) அவர்களின் நூல் பொருள்வாரியாகத் தொகுத்தது. ஒரே ஹதீது இரண்டிலும் இருக்கலாம். முன்னதில் 'இதனைச் சொன்னவர் யார்' என்றும், பின்னதில் 'இது எதைப் பற்றியது' என்றும் தேடுகிறோம். திருக்குர்ஆனின் வரிசையும் அருளப்பெற்ற கால வரிசையன்று. முதலில் இறங்கிய வசனங்கள் 96-ஆம் சூராவில் உள்ளன என்பதை மதரசாச் சிறுவனும் அறிவான். இறைவாக்கோடு மனிதர் பாட்டை நிறுத்துப் பார்ப்பது நம் கருத்தன்று; அந்த எண்ணமே ஆகாது. நாம் சுட்டுவது அறிஞர்கள் கைக்கொண்ட ஒரு வழக்கத்தை மட்டுமே. வரிசையில் கைவைக்காமலே, ஒவ்வொரு சூராவின் தலைப்பிலும் 'மக்கீ' என்றோ 'மதனீ' என்றோ குறித்து வைத்தனர். ஓதுவோர்க்கு வரிசையும் கிடைத்தது, ஆராய்வோர்க்குக் காலமும் கிடைத்தது.

அருட்பாவின் பிற்காலப் பதிப்பாசிரியர்கள் வேறு வழிகளை நாடினர். ஆ. பாலகிருஷ்ண பிள்ளை 1931 முதல் 1958 வரை உழைத்துப் பன்னிரு பகுதிகளாக வெளியிட்டார். ஊரன் அடிகள் 1972-இல் காலமுறைப் பதிப்பைத் தந்தார். பின்னதே அடிகளின் வளர்ச்சியைக் காட்டுவது. எனினும் காலமுறை ஒன்றே போதும் என்று நாம் சொல்லமாட்டோம். நாளும் ஆண்டும் குறியாத பாடலை ஊகத்தால் ஓரிடத்தில் வைத்துவிட்டால், அவ்வூகம் நாளடைவில் உண்மைபோல் உலவத் தொடங்கும். பழைய திருமுறை எண்ணை ஓரத்தில் காட்டி, பாடப்பெற்ற ஊரையும் காலத்தையும் தெரிந்த அளவிற்குத் தலைப்பில் குறித்து, ஊகமாயின் ஊகமென்றே எழுதும் பதிப்பைத்தான் நாம் விரும்புகிறோம்.

நமக்கேன் இந்த வழக்கு என்று வாசகர் கேட்கக்கூடும். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இப்பூசல் மீண்டும் கிளம்பியபோது, அருட்பாவின் பக்கம் நின்று வாதாடியவர் இடலாக்குடி சதாவதானி செய்குத்தம்பிப் பாவலர். சீறாப்புராணத்திற்கு உரை கண்ட அதே பாவலர்தாம். முகியித்தீன் சதகமும் அகத்தீசன் சதகமும் ஒரே திரட்டில் அடுத்தடுத்து நிற்கும் குணங்குடியாரைப் படித்து வளர்ந்த சமூகத்திற்கு, வடலூராரின் குரல் அயலாகத் தோன்றியிராது. பாவலர் கையில் அன்றிருந்தவை பழைய அடுக்கிலமைந்த திருமுறைகளே. காலமுறைப் பதிப்பு வர அவர் மறைந்து இருபத்திரண்டு ஆண்டுகள் ஆயின.