மாணவர் ஆய்வுகளும் தாய்மொழியின் மீது சுமத்தப்படும் பழியும்

மலாயாப் பல்கலைக்கழகத்தில் இந்திய ஆய்வியல் துறை 1956ஆம் ஆண்டில் தோற்றுவிக்கப்பட்டது. தமிழ் பயின்ற மாணவர் ஒருவர் ஒரு பொருளைத் தேர்ந்து, தரவு திரட்டி, நெறியாளரின் மேற்பார்வையில் ஏடு எழுதும் வழக்கம் இந்நாட்டில் வேரூன்றுதற்கு அத்துறை பெரிதும் துணைநின்றது. 1961 முதல் 1969 வரை அதன் தலைவராக விளங்கியவர் தனிநாயகம் அடிகள். அவர் இலண்டனில் முனைவர் பட்டம் பெற்றது தமிழ் இலக்கியத்தில் அன்று, கல்வியியலில். இச்செய்தியை நம்மவர் பலர் மறந்துவிடுகின்றனர். 1966ஆம் ஆண்டு ஏப்ரல் திங்களில் கோலாலம்பூரில் நடைபெற்ற முதல் உலகத் தமிழாராய்ச்சி மாநாட்டை மட்டும் நினைவிற்கொண்டு, அதனை நடத்தியவருள் முதன்மையானவர் கற்பித்தல் பற்றியும் ஆழச் சிந்தித்தவர் என்பதை விட்டுவிடுகின்றோம். இலக்கிய ஆய்வு ஒருபுறமும் கல்வி ஆய்வு மறுபுறமுமாகப் பிரிந்து, ஒன்று மற்றொன்றின் முகம் பாராதிருக்கும் இன்றைய நிலையைக் காணும்போது அவர் நினைவே முதலில் வருகின்றது.

இன்று மாணவர் ஆய்வுகளுக்குக் குறைவில்லை. மலாயாப் பல்கலைக்கழகத்தோடு, தஞ்சோங் மாலிமில் உள்ள சுல்தான் இட்ரிஸ் கல்வியியல் பல்கலைக்கழகமும் ஆசிரியர் கல்விக் கழகங்களும் ஆண்டுதோறும் ஏடுகளை ஈன்றெடுக்கின்றன. ஜொகூர் மாநிலத்தின் எழுபது தமிழ்ப்பள்ளிகளுள் பயிற்சி ஆசிரியர் கால் வைக்காத பள்ளி அரிதாகவே இருக்கும். அவர்கள் வருகின்றனர், பயிற்றுப்பணியை முடிக்கின்றனர், நம் பிள்ளைகளிடம் சோதனை நடத்தித் தரவுகளைப் பெற்றுச் செல்கின்றனர். அந்த ஏடு என்ன சொல்லிற்று என்பது மட்டும், அது பிறந்த பள்ளிக்குத் திரும்பி வருவதில்லை. கெட்டி அட்டையும் பொன்னெழுத்துமாக அது நூலக அடுக்கில் உறங்குகின்றது.

எண்ணிக்கை பெருகியவாறு தரமும் பெருகியுள்ளதா என்று வினவுதல் நம் கடமை. மாணவரைக் குறைகூறுதல் இக்கட்டுரையின் நோக்கமன்று. அவர்கள் நமக்குப் பின் வகுப்பறையில் நிற்க வேண்டியவர்கள். அவர்களுக்கு முன்னே நாம் வைத்திருக்கும் அச்சு எத்தகையது என்பதே கேள்வி.

இலக்கிய ஆய்வுகளை முதலில் விரைந்து பார்த்துவிடலாம். இன்னார் சிறுகதைகளில் சமுதாயச் சிக்கல்கள், இன்னார் நாவல்களில் பெண்மாந்தர் என்ற தலைப்புகளே மீண்டும் மீண்டும் வருகின்றன. முதல் இயலில் ஆசிரியர் வரலாறு, அடுத்து கதைச் சுருக்கம், அதன்பின் வறுமை, மதுப்பழக்கம், ஒற்றுமையின்மை எனத் தலைப்பிட்ட பத்திகள். கதையைப் படித்தவர்க்கு இவ்வேடு புதிதாக ஒன்றும் சொல்லாது. படியாதவர்க்குக் கதையே போதும். கேள்வி இல்லாத இடத்தில் ஆய்வு தோன்றாது. ஈழத்துக் க. கைலாசபதி பர்மிங்காம் பல்கலைக்கழகத்தில் ஜார்ஜ் தாம்சனின் கீழ் முனைவர் பட்டத்திற்கு எழுதியதும் ஒரு மாணவர் ஆய்வுதானே? சங்கப் பாடல்கள் வாய்மொழி மரபிற் பிறந்தவையா என்னும் ஒரு கேள்வியைப் பிடித்துக்கொண்டு, திரும்பத் திரும்ப வரும் தொடர்களையும் பாணர் மரபையும் கிரேக்கக் காவிய மரபோடு ஒப்பிட்டுச் சென்றார் அவர். 1968இல் அது ஆங்கில நூலாக வெளிவந்தது. அவருடைய முடிவை ஏற்காத அறிஞர்களும் அதனை ஒதுக்கிவிட்டு மேற்செல்ல முடியவில்லை. எல்லா மாணவரும் கைலாசபதியாக வேண்டும் என்று யாரும் எதிர்பார்க்கவில்லை. ஆனால், மறுக்கத்தக்க ஒரு கருத்தையாவது ஏட்டில் வைக்க வேண்டும் என எதிர்பார்ப்பது தவறாகாது.

பொருள் இல்லையென்று சொல்லவும் இயலாது. 1924இல் தொடங்கிய தமிழ் நேசன் 2019இல் நின்றது. தொண்ணூற்றைந்து ஆண்டுக்காலச் செய்தித்தாள் ஒன்று நம் கண்முன் வரலாறாகிவிட்டது. அவ்விதழில் சுப. நாராயணனும் பைரோஜி நாராயணனும் 1950 அளவில் நடத்திய ‘கதை வகுப்பு’, இலக்கியத்தைக் கற்பிக்க முடியுமா என்னும் கேள்விக்கு இம்மண்ணில் கிடைத்த முதல் விடைகளுள் ஒன்று. ஆசிரியராகப் போகும் ஒரு மாணவருக்கு இதைவிடப் பொருத்தமான தலைப்பு வேறென்ன வேண்டும்? இராம. சுப்பையா இந்நாட்டிலும் சிங்கப்பூரிலும் வெளிவந்த தமிழ் நூல்களைத் தேடித் தேடிப் பட்டியலிட்டு 1969இல் வெளியிட்டார். பட்டியல்தானே என்று எண்ணுவோர், அத்தகைய ஒன்றைத் தம் ஊரளவிற்காவது செய்து பார்க்கட்டும்.

மொழி ஆய்விலும் இதே வறட்சி. ‘பெரட்டு’, ‘மங்கு’, ‘ஒட்டுப்பால்’, ‘தீம்பார்’ என்னும் சொற்களை நாவில் வைத்திருந்த தலைமுறை நம் கண்ணெதிரே மறைந்து வருகின்றது. குளுவாங், சிகாமட், மூவார் வட்டாரங்களின் பழைய தோட்டங்கள் செம்பனையாகவும் வீடமைப்புப் பகுதியாகவும் மாறிவிட்டன. முதியவர் ஒருவர் அருகே அமர்ந்து அச்சொற்களைக் குறித்துக்கொள்ளும் ஏடு ஒன்று, வினாநிரல் நூறு கொடுத்து விழுக்காடு கணக்கிடும் ஏடுகள் பத்தினும் மேலானது.

இனி, நம்மை மிகவும் பாதிக்கும் பகுதிக்கு வருவோம். தமிழ்ப்பள்ளிப் பிள்ளைகள் ஆங்கிலம் கற்பது குறித்த மாணவர் ஆய்வுகளில் ஒரு முடிவு தவறாமல் இடம்பெறுகின்றது: பிழைகளுக்குக் காரணம் தாய்மொழித் தாக்கம். தலைப்பு எதுவாயினும், மாணவர் எத்தனை பேராயினும், ஐந்தாம் இயலில் இவ்வரி வந்து நிற்கும். இதன் வேர் எங்குள்ளது என்பதும் தெரிந்ததே. ராபர்ட் லாடோ 1957இல் வெளியிட்ட நூலில், இரு மொழிகளை ஒப்பிட்டால் கற்போர்க்கு எது எளிது, எது அரிது என முன்கூட்டியே கூறலாம் என்றார். பத்தாண்டு கழித்து, 1967இல், பிட் கார்டர் வேறொன்று சொன்னார்: பிழை என்பது விலக்கத்தக்க குப்பையன்று; கற்பவனின் மனத்தில் எவ்விதி உருவாகி வருகின்றது என்பதைக் காட்டும் சான்று. 1974இல் டூலேயும் பர்ட்டும், ஸ்பானிய மொழி பேசும் குழந்தைகளும் சீனம் பேசும் குழந்தைகளும் ஆங்கிலத்தின் சில இலக்கணக் கூறுகளை ஏறத்தாழ ஒரே வரிசையில் கைக்கொள்கின்றனர் எனக் காட்டினர். பின்வந்தோர் இதனைத் திருத்தினர். தாய்மொழிக்கும் பங்குண்டு, ஆனால் எல்லாவற்றிற்கும் இல்லை என்ற நிலைக்கு வந்தனர். இவ்வளவு வாதம் நடந்து முடிந்த பின்னரும் நம் ஏடுகள் பல, 1957லேயே நின்றுகொண்டிருக்கின்றன.

எடுத்துக்காட்டொன்றால் இதனை விளக்கலாம். ‘நேற்று’ எனத் தொடங்கும் ஆங்கில வாக்கியத்தில் நான்காம் ஆண்டு மாணவன் வினையை இறந்தகாலத்தில் மாற்றாமல் எழுதுகின்றான். உடனே, ‘தாய்மொழித் தாக்கம்’ என்று ஏட்டில் பதிவாகின்றது. தமிழ் வினை காலங்காட்டாத வினையா? ‘நேற்று வருகிறேன்’ என்று எந்தத் தமிழ்க் குழந்தையாவது சொல்லுமா? தமிழில் முற்றுவினை காலத்தோடு திணை, பால், எண், இடம் ஆகியவற்றையும் உணர்த்தும். தாய்மொழி இங்கு குறுக்கிட்டிருந்தால், அப்பிள்ளை காலங்காட்டுவதில் மற்றவரினும் கவனமாக இருந்திருக்க வேண்டும். காலத்திற்கேற்ப வினை திரியாத மொழி அப்பிள்ளை பயிலும் இன்னொரு மொழியாகிய மலாய். அங்கு காலத்தைத் தனிச்சொல் உணர்த்தும், வினைச்சொல் மாறாது. ஆதலின் மலாயின் செல்வாக்கு ஒரு காரணமாகலாம். அன்றி, ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொண்ட குழந்தையும் காலவிகுதியை விட்டுப் பேசும் ஒரு பருவத்தைக் கடந்தே வருகின்றது என்பதையும் நினைக்க வேண்டும். எது உண்மை என்பதை ஆராய்ந்தன்றோ அறிய வேண்டும்! மும்மொழிச் சூழலில் வளரும் பிள்ளையை இருமொழிக் கணக்கில் அடைத்து, அதிலும் பழியைத் தமிழ் மீது போட்டுவிட்டால் வேலை எளிதாக முடிந்துவிடுகின்றது.

தமிழின் செல்வாக்கு மெய்யாகவே உள்ள இடங்களும் உண்டு. அங்கேனும் நம் மாணவர் இலக்கணத்தைத் துணைக்கு அழைக்கின்றனரா என்றால், அதுவும் இல்லை. ‘புக்கு’, ‘இஸ்கூல்’ என ஒலிக்கும் பிள்ளையைத் திருத்த முனையும் ஆய்வாளர், அதே பிள்ளைக்கு மறுவகுப்பில் நாம் கற்பிக்கும் மொழிமுதல், மொழியிறுதி எழுத்துகளையும் குற்றியலுகரத்தையும் எண்ணிப் பார்ப்பதில்லை. தமிழ்ச்சொல் மெய்யில் தொடங்காது. வல்லின மெய் ஆறும் சொல்லின் ஈற்றில் நில்லா. உகரம் ஒன்று வந்து தாங்கும். தொல்காப்பியர் வகுத்துக் காட்டிய ஒழுங்கையே, ஏழு வயதுப் பிள்ளை, கற்றுக்கொடுப்பார் இன்றித் தன் நாவில் வைத்திருக்கின்றது. அதற்கு ‘உச்சரிப்புக் குறைபாடு’ என்று பெயரிடுவது பொருந்துமா?

இங்கே ஆராய்வதற்கு ஒரு நல்ல பொருளும் கிடக்கின்றது. மலாயில் ‘காலை’ எனப் பொருள்படும் சொல்லையும் ‘கொடு’ எனப் பொருள்படும் சொல்லையும் தமிழெழுத்தில் எழுதினால் இரண்டும் ‘பாகி’ என்றே அமையும். மலாயிலோ ஒன்றின் முதலொலி வல்லொலி. மற்றதன் முதலொலி அதிர்வொலி. கடைக்காரரிடம் மலாய் பேசும் நம் பிள்ளை இவ்விரண்டையும் பிரித்து ஒலிக்கின்றதா? மலாய்ச் சொல்லின் ஈற்று வல்லொலியோடும் உகரம் சேர்க்கின்றதா? மலாயில் தடுமாறாமல் ஆங்கிலத்தில் மட்டும் தடுமாறுமாயின், காரணம் நாவிலும் இல்லை, தமிழிலும் இல்லை. ஆங்கில எழுத்துக்கூட்டலைக் கற்பித்த முறையிலேயே அதனைத் தேட வேண்டியிருக்கும். ஒரு வகுப்பறையும் ஓர் ஒலிப்பதிவுக் கருவியும் இதற்குப் போதும்.

பெயர்க்கு முன் வரும் சுட்டிடைச்சொற்களையும் பார்ப்போம். தமிழில் அவை இல்லாமையால் பிள்ளைகள் விட்டுவிடுகின்றனர் என்று எழுதுகின்றோம். இது ஓரளவு உண்மையே. ஆயின், அச்சொற்கள் உணர்த்தும் பொருள் வேறுபாடு தமிழில் இல்லையா? ‘ஒரு புத்தகம் வாங்கினேன்; புத்தகத்தைத் தொலைத்துவிட்டேன்.’ முன்னதில் கேட்போர் அறியாத ஏதோ ஒரு புத்தகம். பின்னதில் இருவரும் அறிந்த அந்தப் புத்தகம். இரண்டாம் வேற்றுமை உருபு மறைந்தும் வெளிப்பட்டும் அஃறிணைப் பெயரில் செய்யும் வேலையுள் ஒரு பகுதியை ஆங்கிலம் இரு சிறு சொற்களுக்குப் பகிர்ந்தளித்திருக்கின்றது. ‘எ புக்’, ‘த புக்’ என்பவற்றை இவ்விரு வாக்கியங்களின் அருகே எழுதிக் காட்டினால், பிள்ளை தான் அறிந்ததொன்றிற்கு வேறொரு சட்டை அணிவிக்கப்பட்டிருப்பதைக் காணும். பொருத்தம் முழுமையானதன்று, உருபு வராத எழுவாயில் இவ்வழி உதவாது. எங்கு உதவும், எங்கு உதவாது என்பதை வகுப்பில் சோதித்துச் சொல்வதே ஆய்வு.

செயலாய்வு என்னும் முறையைப் பற்றியும் சொல்ல வேண்டும். கெம்மிஸ், மெக்டாகர்ட் வரைந்த திட்டமிடல், செயல்படுத்தல், உற்றுநோக்கல், சிந்தனை மீட்சி என்னும் சுழல் நம் ஏடுகளில் படமாகத் தவறாமல் இடம்பெறுகின்றது. அது சுழல்வதைத்தான் காணோம். முதற்சுற்றிலேயே வெற்றி கிட்டிவிடுகின்றது. முன்சோதனையில் தோற்ற ஐந்து பிள்ளைகள், ஆய்வாளர் உருவாக்கிய வண்ண அட்டையால் சில வாரங்களில் தேறிவிடுகின்றனர். (அட்டைக்குப் பெயர் சூட்டுவதில் நம் மாணவர் காட்டும் கற்பனை வளத்தைக் கண்டு, இலக்கிய ஏட்டிற்கும் அதிற் சிறிது போயிருக்கலாகாதா என்று நான் ஏங்கியதுண்டு.) அதே வினாக்களைப் பின்சோதனையிலும் கேட்டால் எப்பிள்ளைதான் தேறாது? ஐவர் என்பது குறைபாடன்று. ஐவரே என்றால் அவ்வைவரையும் அணுகி, அவர்கள் எழுதியதை வரி வரியாகப் படித்து, ஏன் இப்படி எழுதினாய் என்று கேட்டு எழுதலாம். அதற்கு மாறாக, ஐவரையும் விழுக்காடாக்கிப் பட்டை வரைபடம் போடுகின்றனர்.

தோல்வியைச் சொல்ல அஞ்சாத ஆய்வு எப்படியிருக்கும் என்பதற்குத் தமிழ்ப்பிள்ளைகளிடையே நடந்த சான்றே உண்டு. என். எஸ். பிரபு 1979 முதல் 1984 வரை பெங்களூரிலும், சென்னை, கடலூர் முதலிய ஊர்களிலும் உள்ள பள்ளிகளில் நடத்திய ஆங்கிலக் கற்பித்தல் திட்டத்தில், இலக்கணம் வரிசையாகக் கற்பிக்கப்படவில்லை. வரைபடம் பார்த்து வழி கூறுதல், கால அட்டவணையைப் படித்து முடிவு செய்தல் போன்ற பணிகளின் வழியே பிள்ளைகள் மொழியைப் பயன்படுத்தினர். ஐந்தாண்டு நடந்தது, வெளியார் வந்து பார்த்தனர், பெரெட்டா, டேவிஸ் என்னும் இருவர் புறத்தேயிருந்து மதிப்பிட்டு 1985இல் வெளியிட்டனர். அம்மதிப்பீடு எல்லா இடத்தும் திட்டத்திற்குச் சாதகமாக அமையவில்லை. பிரபு 1987இல் எழுதிய நூல் இன்றும் படிக்கப்படுகின்றது. பிற்காலத்தில் அவர், நம் பாலத்திற்கு அப்பால், சிங்கப்பூர்த் தேசியப் பல்கலைக்கழகத்தில் பணியாற்றியவர். அவர் பெயரை நம் மாணவர் ஏடுகளில் நான் அரிதாகவே கண்டிருக்கின்றேன்.

இவையெல்லாம் ஏட்டுக்குள் அடங்கும் செய்திகள் என்று கருதி வாளாவிருக்க இயலாது. 2003இல் அறிவியலும் கணிதமும் ஆங்கிலத்திற்கு மாற்றப்பட்டன. 2009இல் அக்கொள்கையைக் கைவிட முடிவாயிற்று. 2016இல் இருமொழித் திட்டம் வந்து, தமிழ்ப்பள்ளிகளில் வேண்டும், வேண்டா என்னும் வழக்கை எழுப்பிற்று. ஒவ்வொரு முறையும் இரு தரப்பும் உணர்ச்சியோடு பேசின. நம் பிள்ளைகள் எம்மொழியில் எதை எப்படி விளங்கிக்கொள்கின்றனர் என்பதற்கு நம் பள்ளிகளிலிருந்தே திரட்டிய நம்பத்தக்க சான்றை எடுத்து மேசைமேல் வைப்பார் மிகச் சிலரே. இவ்வாயிரமாண்டின் முதற் பத்தாண்டில் 1 இலட்சத்தைக் கடந்திருந்த தமிழ்ப்பள்ளி மாணவர் தொகை இன்று அதற்கும் கீழே இறங்கிவிட்டது. ‘தமிழ் படித்தால் ஆங்கிலம் வராது’ என்று எண்ணிப் பிள்ளையை வேறு பள்ளிக்கு அனுப்பும் பெற்றோர்க்கு, நம் ஏடுகளின் ஐந்தாம் இயலும் அதையேதான் சொல்கின்றது.

தடை ஒன்று அமைப்பிலேயே இருக்கின்றது. தமிழை முதன்மைப் பாடமாகப் பயிலும் பயிற்சி ஆசிரியர் ஆங்கில வகுப்பினுள் நுழைவதில்லை. ஆங்கிலத்தை முதன்மைப் பாடமாகப் பயில்வோருள் தமிழ்ப்பள்ளிக்கு வரும் சிலர்க்குத் தமிழ் தெரியாது, அவர்மேற் குற்றமில்லை. ஆயினும், பிழையைக் காண்பவர்க்கு அதன் வேர் தெரிவதில்லை. வேரை அறிந்தவர் பிழையைக் காண்பதில்லை. ஒரே பள்ளிக்கு ஒரே காலத்தில் அனுப்பப்படும் இவ்விருவரையும் இணைத்து ஓர் ஆய்வைச் செய்ய விடலாம். இரண்டு பெயரில் ஓர் ஏடு வரக்கூடாது என்னும் விதி இருந்தால், தரவை மட்டுமாவது பகிர்ந்துகொள்ளட்டும். ஒரு பிள்ளை ஒரே வாரத்தில் தமிழிலும் மலாயிலும் ஆங்கிலத்திலும் எழுதிய மூன்று பக்கங்களை மேசையில் விரித்து, தமிழ் கற்றவர் ஒருபுறமும் ஆங்கிலம் கற்றவர் மறுபுறமும் அமர்ந்து படிக்கட்டும். எழுதி முடித்த ஏட்டின் படி ஒன்று அப்பிள்ளையின் வகுப்பாசிரியர் கைக்கும் வர வேண்டும். அவர் அதன் ஓரத்தில் தம் மறுப்பை எழுதிவைக்கவும் இடமிருக்க வேண்டும்.