பெரியம்மா குண்டாகத் தெரிந்த கதை: மூன்று வீடியோ பிளேயர்கள், ஒரு பழைய லேப்டாப்

விஎல்சி பிளேயரில் ஐந்தாறு வீடியோக்களை வரிசையாகச் சேர்த்துவிட்டு, 'அடுத்தது' பொத்தானின் மேல் மௌஸை வைத்துக் கிளிக் செய்யுங்கள். வீடியோ மாறும். கையை அசைக்காமல் மறுபடியும் கிளிக் செய்யுங்கள். பெரும்பாலும் ஒன்றும் நடக்காது, அல்லது பின்னால் கிடக்கும் வேறு ஏதாவது திறந்துகொள்ளும். பொத்தான் அதற்குள் இடம் மாறிப் போயிருக்கும்.

காரணம் இதுதான். முதலில் ஓடியது பழைய விசிடியிலிருந்து எடுத்த படம், 352-க்கு 288 புள்ளி. அடுத்து வந்தது யூடியூபுக்காக எடுத்த 1280-க்கு 720. அதற்கடுத்தது கைப்பேசியை நிமிர்த்திப் பிடித்து எடுத்தது, 1080-க்கு 1920. விஎல்சி யாரையும் கேட்காமல் ஒவ்வொன்றுக்கும் ஏற்றபடி தன் விண்டோவைச் சுருக்குகிறது, விரிக்கிறது. கட்டுப்பாட்டுப் பட்டை விண்டோவின் அடியில் ஒட்டியிருப்பதால் அதுவும் கூடவே ஏறி இறங்குகிறது. அந்தக் காலத்தில் தகவல் இலாகா வேன் தோட்டத்துத் திடலுக்கு வந்து வெள்ளைத் துணி கட்டிப் படம் காட்டும். செய்திப்படமோ முழுநீளப் படமோ, துணி ஒரே அளவுதான். கணினியில் மட்டும் ஏன் இந்த ஆட்டம்?

'இந்தக் காலத்தில் யார் கணினியில் பிளேயர் போட்டுப் பார்க்கிறார்கள்?' என்று கோலாலம்பூர் நண்பர்கள் கேட்பதுண்டு. மலாக்காவின் உட்பகுதிக்கு வந்தால் தெரியும். புக்கிட் அசகான், காடேக், தெபோங் என்று தோட்டத்து லயங்களை விட்டு ஜாசின், மெர்லிமாவ், அலோர் காஜா பக்கத்துத் தாமான்களுக்குக் குடிவந்த வீடுகளில், கண்ணாடி அலமாரியில் கல்யாண விசிடியும் காதுகுத்து டிவிடியும் இன்னும் அடுக்கியிருக்கின்றன. அவற்றை ஓட்டும் பெட்டிதான் எப்போதோ பழைய இரும்புக்காரரிடம் போய்விட்டது. பிள்ளைகளில் யாராவது ஒருவர் எல்லாவற்றையும் பென்டிரைவில் ஏற்றிக்கொடுக்கிறார். செங் சன்னாசிமலை ஆண்டவர் கோயில் மாசி மகத்துக்குப் போய்வந்தவர்கள் கைப்பேசியில் எடுத்த கிளிப்புகளும் அதே பென்டிரைவில்தான் வந்து சேர்கின்றன. 2020-இல் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை போட்டபோது தமிழ்ப்பள்ளி ஆசிரியர்கள் வீட்டிலிருந்து பதிவு செய்த பாடங்கள் வேறு இருக்கின்றன. வகுப்பில் இணையத்தை நம்பி உட்கார்ந்தால் பாதிப் பாடவேளை சுழலும் வட்டத்தைப் பார்ப்பதிலேயே போய்விடும். பென்டிரைவும் ஒரு பிளேயரும் போதும்.

ஆகவே இந்த விமர்சனத்துக்குப் புது இயந்திரம் எதுவும் வாங்கவில்லை. 14 அங்குலப் பழைய லேப்டாப் ஒன்று, திரை 1366-க்கு 768. எல்லாரும் எல்சிடி என்றே சொல்லும் புரொஜெக்டர் ஒன்று, அது 1024-க்கு 768. லேப்டாப்பில் மூன்று இலவசப் பிளேயர்கள்: விஎல்சி, எம்பிசி-எச்சி, எம்பிவி. படம் தெளிவாக ஓடுகிறதா என்பது இங்கே கேள்வியே இல்லை. மூன்றும் எதைக் கொடுத்தாலும் ஓட்டும், விசிடிக்குள் இருக்கும் 'டாட்' கோப்பு உட்பட. நான் பார்த்தது வேறு: விண்டோ சொன்ன பேச்சைக் கேட்கிறதா?

விஎல்சி பிறந்த கதையைத் தெரிந்துகொண்டால் கோபம் கொஞ்சம் தணியும். 1996-இல் பாரிஸ் எக்கோல் சென்ட்ரல் கல்லூரி மாணவர்கள் தங்கள் வளாக வலையமைப்பு வழியாக வீடியோ அனுப்பத் தொடங்கிய வேலை அது. 2001 பிப்ரவரியில் திறந்த மூல உரிமத்தில் வெளியானது. எதையும் எங்கிருந்தும் ஓட்டுவதுதான் அவர்கள் தலைவலி. விண்டோ எப்படி நிற்கவேண்டும் என்பதைப் பின்னால் வந்தவர்கள் மெனுவுக்குள் மெனுவாகச் சேர்த்தார்கள் என்பது என் அபிப்பிராயம். அமைப்புகள் எல்லாம் இருக்கின்றன, ஆனால் தேடிப் போகவேண்டும்.

கண்ட்ரோலையும் பி-யையும் சேர்த்து அழுத்தினால் 'பிரிஃபரன்சஸ்' திறக்கும். முதல் பக்கமே 'இன்டர்ஃபேஸ்'. அதில் 'ரீசைஸ் இன்டர்ஃபேஸ் டு வீடியோ சைஸ்' என்றொரு கட்டம் டிக் போட்டபடியே வருகிறது. மேலே சொன்ன ஆட்டத்துக்கெல்லாம் மூலம் அதுதான். டிக்கை எடுத்து, 'சேவ்' அழுத்தி, பிளேயரை ஒருமுறை மூடித் திறங்கள். இனி நீங்கள் இழுத்து வைத்த அளவில் விண்டோ நிற்கும். படம் அதற்குள் அடங்கிக்கொள்ளும், மிச்ச இடம் கறுப்பாக இருக்கும். 'அடுத்தது' பொத்தான் கிளிக்குக்குக் கிளிக் அதே இடத்தில் இருக்கும். இருபது வருடத்துக்கு மேலாக உலகமே பயன்படுத்தும் மென்பொருளில் இது தலைகீழாக அமைக்கப்பட்டு வருவது எனக்கு இன்னும் புரியவில்லை.

அதே பக்கத்தில் விண்டோவைக் கீழே இறக்கினால் வீடியோவும் நிற்கும்படி ஒரு கட்டம் உண்டு. ஆசிரியர்களுக்கு உதவும். பாடத்தின் நடுவே விளக்கம் சொல்ல விண்டோவை இறக்கினால், குரல் மட்டும் பின்னால் பேசிக்கொண்டிருக்காது.

இன்னொரு விஷயம், இதற்காகவே எனக்கு வாட்ஸ்அப் வருவதுண்டு: 'அண்ணே, மேல இருந்த மெனுவும் கீழ இருந்த பட்டனும் மொத்தமா காணோம்.' எதுவும் கெட்டுப்போகவில்லை. தெரியாமல் கண்ட்ரோலும் எச்-சும் அழுத்தியிருக்கிறார்கள். மெனு, பட்டை எல்லாவற்றையும் மறைத்து வெறும் படத்தை மட்டும் காட்டும் நிலை அது. மறுபடி அதையே அழுத்தினால் திரும்பி வந்துவிடும். தெரிந்து செய்தால் இது நல்ல வசதி. வீடியோ மெனுவில் 'ஆல்வேஸ் ஆன் டாப்' போட்டு, கண்ட்ரோல்-எச் அழுத்தி, விண்டோவைச் சின்னதாக்கி ஓர் ஓரத்தில் நிறுத்திவிடலாம். பள்ளி ஆண்டுவிழா நடனத்தின் வீடியோவை ஓரத்தில் ஓடவிட்டு, பக்கத்திலேயே நிகழ்ச்சிநிரலைத் தட்டச்சு செய்யலாம்.

இனி பெரியம்மா கதை. மெர்லிமாவ் பக்கம் ஒரு வீட்டில் லேப்டாப்பை டிவியோடு இணைத்து, தோட்டத்து மண்டபத்தில் நடந்த கல்யாணத்தின் விசிடியைப் போட்டார்கள். நடுவில் படம், இரண்டு பக்கமும் கறுப்புப் பட்டை. 'ஏன் இப்படி இருக்கு, ஃபுல்லா வைடா' என்று பின்னாலிருந்து யாரோ ஒருவர் சொல்ல, பையன் 'ஏ' விசையைத் தட்டினான். டிவி நிறைந்தது. பெரியம்மா சிறிது நேரம் உற்றுப் பார்த்தார்.

'தம்பி, கல்யாணத்தப்பவே நான் இவ்வளவு குண்டாவா இருந்தேன்?'

இல்லை பெரியம்மா, இல்லவே இல்லை. அந்தக் காலத்துப் படம் நான்குக்கு மூன்று என்ற அளவில் எடுத்தது. அதைப் பதினாறுக்கு ஒன்பது டிவியில் இழுத்து நிரப்பினால், திரையில் இருக்கிற எல்லாரும் மூன்றில் ஒரு பங்கு அகலமாகிவிடுவார்கள். மாப்பிள்ளை, ஐயர், நாதஸ்வரக்காரர், வாழைமரம் எதுவும் தப்பாது. 'ஏ' என்பது விகிதத்தை மாற்றும் விசை. சில தடவை தட்டினால் சுற்றி 'டிஃபால்ட்'டுக்கே வந்து சேரும். இந்த லேப்டாப் திரையில் சரியான விகிதத்தில் அந்தப் படம் 1024 புள்ளி அகலத்தில் நிற்கும், இரு பக்கமும் 171 புள்ளி கறுப்பு. அந்தக் கறுப்பு இருந்தால்தான் ஆட்கள் ஆட்களாகத் தெரிவார்கள்.

கறுப்பைப் பொறுக்கவே முடியாதவர்களுக்கு 'சி' விசை இருக்கிறது. அது இழுக்காமல் வெட்டி நிரப்பும். பதினாறுக்கு ஒன்பதாக வெட்டினால் உயரத்தில் கால்வாசி போய்விடும். தாலி கட்டும் காட்சியில் பின்னால் நிற்கும் பெரியவர்களின் தலை முதலில் காணாமல் போகும். பாட்டுக்காட்சிக்குச் சரி, கல்யாண வீடியோவுக்கு நான் சிபாரிசு செய்யமாட்டேன். அசைவு வரும்போதெல்லாம் படத்தின் ஓரங்கள் சீப்புப் பல் மாதிரி கோடு கோடாகத் தெரிந்தால் 'டி' விசையைத் தட்டிப் பாருங்கள். பழைய கேமராக்கள் ஒரு சட்டகத்தை ஒற்றைப்படை வரிகளாகவும் இரட்டைப்படை வரிகளாகவும் பிரித்து எடுத்ததால் வரும் கோடுகள் அவை.

எம்பிசி-எச்சி விண்டோஸில் மட்டுமே ஓடும். காபெஸ்ட் என்ற புனைபெயரில் ஒருவர் 2003-இல் வெளியிட்ட மீடியா பிளேயர் கிளாசிக்கின் வாரிசு இது. 2017-இல் மூலக் குழு வேலையை நிறுத்திவிட்டாலும், வேறு கைகளில் இன்றும் புதுப்பிக்கப்படுகிறது. முகம் பழைய விண்டோஸ் மீடியா பிளேயர் 6.4-இன் சாயல்தான், அழகு பார்ப்பவர்களுக்குப் பிடிக்காது. ஆனால் விண்டோ விஷயத்தில் மூன்றிலும் ஒழுக்கமானது இதுதான். 'ஓ' அழுத்தினால் அமைப்புகள் வரும். கடைசியாக விண்டோ இருந்த இடம், கடைசியாக இருந்த அளவு இரண்டையும் நினைவில் வைக்கத் தனித்தனிக் கட்டங்கள் உண்டு. இரண்டுக்கும் டிக் போட்டுவிட்டு, 'பிளேபேக்' பக்கத்தில் 'ஆட்டோ-ஜூம்' டிக்கை எடுக்கவேண்டும். எடுக்காவிட்டால் அது வந்து எல்லாவற்றையும் கலைத்துவிடும். அதன் பிறகு நாளைக்குத் திறந்தாலும் நேற்று விட்ட மூலையில், விட்ட அளவில் நிற்கும்.

1, 2, 3 என்ற எண்களைத் தட்டினால் வெறும் படம், கொஞ்சம் பட்டை, முழுப் பட்டை என்று மூன்று நிலை. ஆல்ட்டோடு 1 பாதி அளவு, 2 அசல் அளவு, 3 இரட்டிப்பு. இதையெல்லாம் விட எனக்குப் பிடித்தது எண்பலகை. 9 படத்தைப் பெரிதாக்கும், 1 சிறிதாக்கும். 6 அகலமாக்கும், 4 ஒடுக்கும். 8-உம் 2-உம் உயரத்துக்கு. 5 தட்டினால் எல்லாம் பழையபடி. சில கடைகளில் விசிடியைக் கணினிக்கு மாற்றும்போதே விகிதத்தைக் கெடுத்துக் கொடுத்துவிடுகிறார்கள். அப்படி வந்த கோப்புக்கு விஎல்சியின் 'டிஃபால்ட்' உதவாது. இங்கே 4-ஐ மெதுவாகத் தட்டித் தட்டி, முகம் முகமாகத் தெரியும் இடத்தில் நிறுத்திவிடலாம். ஒரே குறை, 14 அங்குல லேப்டாப்பில் எண்பலகை கிடையாது. பத்துப் பதினைந்து வெள்ளிக்கு யூஎஸ்பி எண்பலகை கிடைத்தால் வாங்கிச் செருகுங்கள், இல்லாவிட்டால் அமைப்புகளில் போய் வேறு விசைகளுக்கு மாற்றுங்கள்.

எம்பிவியைப் பற்றி அதிகம் சொல்ல மாட்டேன். மேலே மெனுப் பட்டை கிடையாது, அமைப்புப் பக்கமும் கிடையாது. எதை மாற்றவேண்டுமானாலும் நோட்பேடில் ஒரு கோப்பு எழுதி, விண்டோஸ் ஒளித்து வைத்திருக்கும் ஆப்டேட்டா கோப்பகத்தில் போடவேண்டும். 'ஆட்டோஃபிட்-லார்ஜர்' என்ற ஒரே வரியில், விண்டோ திரையின் 90 விழுக்காட்டைத் தாண்டக்கூடாது என்று கட்டளை போடலாம். புதிய பதிப்புகளில் வீடியோ மாறும்போது விண்டோ அளவு மாறாமலிருக்கவும் தனி வரி உண்டு. எழுதி வைத்துவிட்டால் பிசகவே பிசகாது. நோட்பேடுக்குப் பயப்படாத கல்லூரிப் பிள்ளை வீட்டில் இருந்தால் அவரிடம் கொடுங்கள். பெரியம்மா வீட்டுக்கு இது வேண்டாம்.

புரொஜெக்டருக்கு வருகிறேன், ஏனென்றால் பள்ளி மண்டபத்திலும் கோயில் மண்டபத்திலும் அதிகம் தடுமாறுவது இங்கேதான். லேப்டாப்பில் இருப்பதையே சுவரிலும் காட்டினால், நீங்கள் கோப்புத் தேடுவது, மௌஸ் அலைவது எல்லாம் பெற்றோர் முன்னால் நடக்கும். விண்டோஸ் விசையும் பி-யும் சேர்த்து அழுத்தி 'எக்ஸ்டெண்ட்' தேர்ந்தெடுங்கள். பிறகு விஎல்சியின் 'பிரிஃபரன்சஸ்', 'வீடியோ' பக்கத்தில் 'ஃபுல்ஸ்கிரீன் வீடியோ டிவைஸ்' என்ற இடத்தில் இரண்டாவது திரையைக் குறித்து வையுங்கள். அதன் பிறகு 'எஃப்' தட்டினால் படம் சுவருக்குப் போகும், பட்டியலும் மற்றதெல்லாமும் உங்கள் மடியில் இருக்கும்.

கூடவே 'சப்டைட்டில்ஸ், ஓஎஸ்டி' பக்கத்தில் வீடியோ தொடங்கும்போது தலைப்பைக் காட்டும் டிக்கையும் எடுத்துவிடுங்கள். எடுக்காவிட்டால், அம்மன் ஊர்வலக் காட்சி தொடங்கும் நேரத்தில் 'வாட்ஸ்அப் வீடியோ' என்று ஆரம்பித்துத் தேதியும் எண்ணுமாக ஒரு நீளமான கோப்புப் பெயர் திரையில் ஓடும்.

1024-க்கு 768 புரொஜெக்டரில் பழைய கல்யாணப் படம் கறுப்பே இல்லாமல் முழுதாக நிறையும், இரண்டும் ஒரே விகிதம். படுக்கவைத்து எடுத்த கைப்பேசி வீடியோவுக்கு மேலும் கீழும் 96 புள்ளிக் கறுப்பு வரும், அது பரவாயில்லை. நிமிர்த்திப் பிடித்து எடுத்த வீடியோதான் பிரச்சினை. 1024-இல் 432 புள்ளி அகலத்துக்குத்தான் படம், மீதியெல்லாம் இருட்டுச் சுவர். 'சி' விசையால் வெட்டி நிரப்பப் பார்த்தால் காவடியின் மேற்பாதியும் அதைச் சுமப்பவரின் காலும் போய்விடும். அடுத்த மாசி மகத்துக்குப் போகும் பையன்களிடம் கைப்பேசியைப் படுக்கவைத்துப் பிடிக்கச் சொல்லி வையுங்கள். இதைச் சரிசெய்யும் கட்டம் மூன்று பிளேயரிலும் இல்லை.