சீறாப்புராணத்தில் கதீஜா நாயகியார்: வருணனையும் வினைத்திறனும்

ஆய்வுச் சுருக்கம்

உமறுப் புலவரின் சீறாப்புராணத்தில் கதீஜா நாயகியார் காப்பியத் தலைவியாகவும் வணிகத் தலைவியாகவும் இருநிலைகளில் இடம்பெறுகிறார். முன்னதை வருணனையும் பின்னதைக் கதையமைப்பும் உணர்த்துகின்றன. திறனாய்வு முன்னதிலேயே தங்கிவிடும்போது அவருடைய பண்புநலன்களுள் தலையாயது கவனத்திலிருந்து நழுவுகிறது என்பதை இக்கட்டுரை நிறுவ முயல்கிறது.

திறவுச்சொற்கள்: சீறாப்புராணம், கதீஜா நாயகியார், காப்பிய மரபு, தெரிந்துதெளிதல், பெருங்கதை.

முன்னுரை

பதினேழாம் நூற்றாண்டில் தோன்றிய சீறாப்புராணம் விலாதத்து, நுபுவ்வத்து, ஹிஜ்றத்து என்னும் மூன்று காண்டங்களையும் 92 படலங்களையும் 5,027 பாடல்களையும் கொண்டது. அரபு நாட்டை ஆறும் வயலும் சூழ்ந்த மருதமாக உமறு பாடியிருப்பது திறனாய்வாளர் பலராலும் பாராட்டப்பெற்றதாகும். இத்தமிழாக்கத்தின் சிறப்பை எடுத்துரைக்கும் ஆய்வுகள் பல. அதனால் ஒரு பாத்திரம் பெற்றது எது, இழந்தது எது என்று கேட்பவை சில. அக்கேள்விக்கு உரிய முதற்பாத்திரம் கதீஜா நாயகியார் ஆவார்.

வரலாற்றில் கதீஜா

கதீஜா (ரலி) மக்காவின் குறைஷிக் குலத்தில் குவைலிதின் மகளாகப் பிறந்தவர். இருமுறை மணந்து கணவரை இழந்தவர். தம் பொருளை முதலாக்கி, முகவர்வழி வணிகம் நடத்திய செல்வர். தூய ஒழுக்கத்தால் ‘தாஹிரா’ என அழைக்கப்பெற்றவர். முகம்மது நபி (ஸல்) அவர்களின் நேர்மையைக் கேள்வியுற்றுத் தம் சரக்குடன் சிரியாவுக்கு அனுப்பினார். உடன் சென்ற பணியாளர் மைசறாவின் வாய்மொழியால் அந்நேர்மையை உறுதிசெய்துகொண்டார். ஏறத்தாழக் கி.பி. 595இல் நிகழ்ந்த திருமணத்திற்கான விருப்பமும் அவரிடமிருந்தே முதலில் எழுந்தது. அப்போது அவருக்கு அகவை 40, நபிகளுக்கு 25 என்பது பெருவழக்கான செய்தி. கி.பி. 619இல் அவர் மறையும்வரை நபிகள் வேறு மணம் செய்துகொள்ளவில்லை.

தலைவி மரபின் எல்லை

இத்தகைய ஒருவரைத் தமிழ்க் காப்பியத்துள் கொணர்வது எளிய பணியன்று. தன்னேரில்லாத் தலைவனுக்கு ஒத்த தலைவியைப் படைக்கும்போது அழகு, நாணம், காதல்நோய், கனவு, மணக்கோலம் என்னும் வரிசை புலவர்முன் ஆயத்தமாக நிற்கிறது. ‘கதீசா கனவு கண்ட படலம்’, ‘மணம் பொருத்து படலம்’, ‘மணம் புரி படலம்’ என்னும் பெயர்களே உமறு அவ்வரிசையை ஏற்றமைக்குச் சான்றாகும்.

ஆனால் அம்மரபு கன்னித்தலைவிக்காக உருவானது. கணவனை இழந்த பெண்ணுக்குத் தமிழ்ச் செய்யுள் பெரிதும் வகுத்துவைத்தது கைம்மை நோன்பையே. மறுமணத்தைத் தாமே விழைந்து, தூது விடுத்து, நிறைவேற்றிக்கொண்ட நடுவயதுப் பெண்ணைப் பாட எளிதில் கைக்கொள்ளத்தக்க முன்மாதிரி உமறுக்கு வாய்க்கவில்லை. எனவே வருணனைப் பகுதிகளில் கதீஜா ஏனைய காப்பியத் தலைவியரின் சாயலைப் பெறுகிறார். அவரை வரலாற்றில் தனித்துக் காட்டும் முதிர்ச்சிக்கு அவ்வருணனையில் இடமில்லை.

கதையை இயக்கும் வினை

எனினும் உமறு கதீஜாவை இழந்துவிடவில்லை. வருணனையை விடுத்துக் கதையமைப்பை நோக்கின் வேறொரு கதீஜா புலப்படுகிறார். விலாதத்துக் காண்டத்தின் நடுப்பகுதியில் பாதை போந்த படலம், சுரத்திற் புனலழைத்த படலம், பாந்தள் வதைப் படலம், நதி கடந்த படலம், புலி வசனித்த படலம், சாமு நகர் புக்க படலம் எனத் தொடரும் அற்புதங்கள் யாவும் ஒரு வணிகப் பயணத்தில் நிகழ்கின்றன. அப்பயணத்தின் முதலும் ஏவலும் கதீஜாவுடையவை. அவர் மக்காவிலேயே இருக்கிறார்; கதை அவர் விடுத்த வழியில் நடக்கிறது. காண்டத்தின் பெரும்பகுதியை ஒரு பெண்ணின் தேர்வு இயக்குகிறது என்பது தமிழ்க் காப்பிய வரலாற்றில் தனித்து நோக்கத்தக்கது.

சிலப்பதிகாரத்தில் கண்ணகியின் சிலம்பே கோவலனின் வணிகத்துக்கு முதலாகிறது; ஆயின் அவ்வணிகத்தில் அவளது தேர்வுக்கு இடமில்லை. மணிமேகலையில் சாதுவன் வாணிகம் நாடிக் கடல்மேற் செல்ல, ஆதிரை கற்பால் காத்திருக்கிறாள். கொங்கு நாட்டு விசயமங்கலத்தோடு தொடர்புபடுத்தப்பெறும் கொங்குவேளிரின் பெருங்கதையும், சீறாவைப் போலப் பிறமொழிக் கதையைத் தமிழ் மண்ணில் நட்ட காப்பியமே. அதன் தலைவி வாசவதத்தை அமைச்சன் யூகியின் சூழ்ச்சியால் மறைக்கப்பெறுகிறாள். உதயணனுக்கு மகதத்தோடு மணவுறவு அமைய அவளது பிரிவு கருவியாகிறது. அங்குத் தலைவியைப் பிறர் இயக்குகின்றனர். சீறாவில் தலைவியே பிறரை இயக்குகிறார்.

குறள்வழி ஒரு வாசிப்பு

கதீஜாவின் பண்புகளைப் பேசும்போது ‘வாழ்க்கைத் துணைநலம்’ என்னும் ஆறாம் அதிகாரமே பெரும்பாலும் அளவுகோலாகக் கொள்ளத் தோன்றும். அவரது வினையை அளக்கப் பொருட்பாலின் ‘தெரிந்துதெளிதல்’ (51), ‘தெரிந்துவினையாடல்’ (52) என்னும் அதிகாரங்களே பொருத்தமானவை. கேள்வியால் அறிதல், பொருளை ஒப்படைத்துச் சோதித்தல், சான்றுவழித் தெளிதல், தெளிந்தபின் ஐயுறாமை என்பது அவர் மேற்கொண்ட வரிசை. அரசனுக்கு உரைக்கப்பெற்ற இவ்வறம் ஒரு பெண் வணிகரிடம் முழுமையாகப் பொருந்துகிறது.

இவ்வரிசையின் முடிவு மணவிழாவில் இல்லை, கி.பி. 610இல் ஹிறா மலைக்குகை நிகழ்வுக்குப் பின்னரே வெளிப்படுகிறது. நடுக்கத்துடன் இல்லம் திரும்பிய நபிகளிடம், உறவைப் பேணுபவர், எளியோர் சுமையைத் தாங்குபவர், விருந்தினரை ஓம்புபவர் ஆகிய உங்களை இறைவன் கைவிடமாட்டான் என்னும் கருத்துப்பட அவர் தேற்றியதாக நபிமொழித் தொகுப்புகள் கூறுகின்றன. இஃது அன்பினால் மட்டும் எழுந்த ஆறுதலன்று. பதினைந்து ஆண்டு இல்வாழ்வில் கண்டறிந்த சான்றுகளை முன்வைத்த தீர்ப்பு. அவர் முதன்முதலில் நம்பிக்கை கொண்டார் என்னும் சிறப்பு இத்தெளிவின் விளைவாகும். இக்கட்டத்தை நுபுவ்வத்துக் காண்டத்தின் ‘நபிப்பட்டம் பெற்ற படலம்’ பாடுகிறது. விலாதத்துக் காண்டத்தில் முகவரைத் தேர்ந்த அறிவே இங்குத் தூதரை அறிந்த அறிவாக முதிர்கிறது. இரு காண்டங்களையும் இணைத்துப் படிக்கும்போதே இவ்வளர்ச்சி புலனாகும்.

மரபைக் குறைகூறல் தகுமா?

வருணனை மரபு கதீஜாவை மறைத்தது என்று மட்டும் முடிப்பது உமறுக்கு நீதி செய்வதாகாது. தமிழ் கேட்போர் செவியில் அயல்நாட்டு அம்மையார் ஒருவர் மதிப்புடன் அமர அம்மரபே இருக்கை அளித்தது. குறை மரபில் இல்லை. உவமைகளைத் தொகுத்து ‘தமிழ்ப்பண்பாட்டுத் தழுவல்’ எனப் பெயரிட்டு நின்றுவிடும் வாசிப்பில் உள்ளது. அவ்வாசிப்பு வகுப்பறைக்குச் செல்லும்போது, முதலீடு செய்து, ஆளறிந்து, முடிவெடுத்த பெண் நாணமிகு நங்கையாக மட்டும் மாணவர்க்கு அறிமுகமாகிறார்.

முடிவுரை

சீறாப்புராணம் கதீஜாவின் அழகை வருணனையிலும் அறிவைக் கதைப்போக்கிலும் வைத்துள்ளது. பின்னதே அவருடைய தலையாய பண்பு. கோவையில் 1971இல் வெளிவரத் தொடங்கிய ‘வானம்பாடி’ இதழின் கவிஞருள் ஒருவரான மு. மேத்தா ‘நாயகம் ஒரு காவிய’த்தைப் புதுக்கவிதையில் படைத்தார். பழைய வருணனை வரிசை கட்டாயமற்ற அவ்வடிவத்தோடு சீறாவை ஒப்பிடுவது, கதீஜா மறைவதற்கும் வெளிப்படுவதற்கும் யாப்பும் மரபும் எவ்வளவு காரணம் என்பதைத் தெளிவாக்கும். அத்தகைய ஒப்பாய்வுக்கு இக்கட்டுரை ஒரு தொடக்கமாக அமையும்.