பாஸ் சொன்னவர் கையில் என்ன?

பிரிட்ஜ் ஏலத்தில் புழங்கும் சொற்கள் மொத்தம் 15. ஒன்று முதல் ஏழு வரை எண்கள், நான்கு இனங்களின் பெயர்கள், துருப்பில்லா ஆட்டத்துக்கு நோ டிரம்ப், பிறகு பாஸ், டபுள், ரீடபுள். கையிலிருக்கும் 13 சீட்டுகளை எதிரே உட்கார்ந்திருக்கும் பார்ட்னருக்கு விளக்க இவ்வளவுதான் உண்டு. அதனால் ஒரே சொல் இரண்டு மூன்று பொருளைச் சுமக்கிறது. இப்போது எந்தப் பொருளில் சொன்னார் என்று கண்டுபிடிப்பதுதான் இந்த ஆட்டத்தில் எனக்கு மிகவும் பிடித்த கலை. சீட்டை இறக்கி ஆடும் சாமர்த்தியத்தைப் பலரும் புகழ்கிறார்கள். நான் ஏலத்தின் பக்கம்.

ஆல்வின் ராத், டோபியாஸ் ஸ்டோன் என்ற அமெரிக்க ஜோடி 1957இல் நெகட்டிவ் டபுளைப் பரப்பியது. ஸ்புட்னிக் விண்ணில் பறந்த ஆண்டு என்பதால் அதற்கு ஸ்புட்னிக் டபுள் என்றே பெயர் வந்தது. பார்ட்னர் ஒரு ஆர்ட்டின் கேட்கிறார், எதிராளி இரண்டு கிளாவர் என்று குறுக்கே வருகிறார். நாம் டபுள் சொன்னால், முன்பு ‘இதை அடித்துவிடலாம்’ என்று பொருள். ராத் வழியில் ‘மற்ற இனங்கள் என்னிடம் இருக்கின்றன’ என்று பொருள். அடிக்கடி வரும் கைகளுக்கு இது பெரிய வசதி. ஆனால் ராஜா, ஜாக்கி, பத்து, எட்டு, ஐந்து என்று கிளாவரே குவிந்த கை வந்தால்? டபுள் சொல்ல வழியில்லை, பாஸ்தான். வெறுங்கை வைத்திருப்பவரும் அதே பாஸைத்தான் சொல்வார்.

அடுத்தவரும் பாஸ் சொல்ல, ஏலம் ஆர்ட்டின் கேட்டவரிடம் திரும்புகிறது. அவர் கையில் பெரிய சீட்டுகளின் மதிப்பு 14 புள்ளி, ஒற்றைக் கிளாவர். இனி அவர் மனத்தில் ஓடும் கணக்கைப் பாருங்கள். மொத்தக் கிளாவர் 13. குறுக்கே வந்தவரிடம் ஐந்தோ ஆறோ இருக்கும். மீதி ஆறேழு இரண்டு பேரிடம். எதிராளியின் ஜோடி கிளாவரை உயர்த்தவில்லை. அவரிடம் அதிகம் இருக்க வழியில்லை. சீட்டுக்கட்டில் மொத்தப் புள்ளி 40. என்னிடம் 14, குறுக்கே வந்தவரிடம் 11 அல்லது 12 என்றால் மீதி 14, 15 எங்கே? எதிர்ப்பக்கம் அமைதியாக இருக்கிறதே! பார்ட்னரிடம் சரக்கு இருக்கிறது, கிளாவரும் இருக்கிறது. அவர் சொல்ல விரும்பியதற்குச் சொல் கிடைக்காமல் பாஸ் சொல்லியிருக்கிறார். அந்தச் சொல்லை அவருக்காக இவர் சொல்கிறார்: டபுள். எதிரே இருப்பவர் மறுபடியும் பாஸ். அவ்வளவுதான், வலை விழுந்துவிட்டது. எதிராளி வல்னரபிளாக, அதாவது தண்டம் கூடும் நிலையில், இருந்து இரண்டு பிடி குறைந்தால் 500, மூன்று குறைந்தால் 800.

அதே ஆர்ட்டின்காரர் கையில் மூன்று கிளாவர் இருந்தால் கணக்கு தலைகீழாகிறது. பார்ட்னரிடம் நீளக் கிளாவர் இருக்க இடமே குறைவு. அப்போது அந்த பாஸ் பலவீனத்தின் பாஸ். இவரும் பாஸ் சொல்லி விலக வேண்டும். பார்ட்னர் சொன்னதன் பொருளைத் தன் கையைப் பார்த்தே அறிவது! இதற்கு ஈடான அழகை வேறெந்தச் சீட்டாட்டத்திலும் நான் கண்டதில்லை.

தியோடர் லைட்னர் 1929இல் கொண்டுவந்த டபுளும் இதே குடும்பம். எதிராளி தானாக ஆறு இஸ்பேட் வரை ஏறிவிட்டார். முதல் சீட்டு இறக்கவேண்டியவர் நீங்கள். டபுள் சொல்பவரோ உங்கள் பார்ட்னர். யோசித்து இப்படி ஸ்லாம் வரை ஏறியவர்கள் பெரும்பாலும் ஒரு பிடிக்கு மேல் தோற்பதில்லை; வல்னரபிள் இல்லையென்றால் 50 என்பது 100 ஆகும், அவ்வளவே. அந்த ஐம்பதுக்காக யாராவது வாய் திறப்பார்களா? வேறு ஏதோ கேட்கிறார்: ‘வழக்கமான சீட்டை இறக்காதே.’ உங்களிடம் ஆறு டைமன் இருந்தால் அவரிடம் டைமனே இல்லாமல் இருக்கலாம். டைமனை இறக்குங்கள், அவர் துருப்பால் வெட்டட்டும்.

நான்கு நோ டிரம்ப் பற்றி நிறையப் பேசுவார்கள். 1933இல் ஈஸ்லி பிளாக்வுட் அதை ஏஸ்களை எண்ணும் கேள்வியாக்கினார். பார்ட்னர் ஒரு நோ டிரம்ப் கேட்ட உடனே வந்தால் மட்டும் ‘உன் கை உச்சமா, ஆறுக்குப் போகலாமா’ என்ற அழைப்பு. பழகினால் போதும், ரசிக்க அதில் அதிகம் இல்லை.

இந்தக் கலைக்கு ஒரு கண்டிப்பு உண்டு. பொருளைச் சொல்லிலிருந்து மட்டுமே எடுக்க வேண்டும். குரல், முகம், தயக்கம் எதிலிருந்தும் எடுக்கக் கூடாது. பார்ட்னர் நெடுநேரம் யோசித்து பாஸ் சொன்னால், அந்தத் தாமதம் காட்டும் வழியில் போவதை விதிகளே தடுக்கின்றன. 1975 பெர்முடா பவுல் உலகப் போட்டியில் பார்ட்னர்களுக்கு நடுவே திரையே வைத்தார்கள். ஆகவே கிளாவர் குவிந்த கையை வைத்திருப்பவர் தன் பாஸை வெறுங்கைக்காரர் சொல்லும் அதே வேகத்தில் சொல்ல வேண்டும். கூசாமல் அப்படிச் சொல்கிறவரைத்தான் நல்ல ஆட்டக்காரர் என்பேன்.

கிளப்பில் புதிய பார்ட்னரோடு உட்காரும் முன் இரண்டு கேள்வி மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள்: நம் நெகட்டிவ் டபுள் எந்த உயரம் வரை? நான் பாஸ் சொன்னால், எதிராளியின் இனத்தில் ஒற்றைச் சீட்டோடு டபுள் சொல்லி ஏலத்தை மறுபடி திறப்பீர்களா? மற்றதை மேஜையில் ஒருவரையொருவர் படித்துத் தெரிந்துகொள்ளலாம்.