ரெய்கியார் ஓதும் ஐந்தொழுக்கம்

ஒரு வாசகத்தின் பொருளை ஆராயப் புகுவார் முதற்கண் அதன் சொல்லை ஆராய்தல் வேண்டும். சொல்லைப் பிறழவுணரின் பொருள் பிறழும். பொருள் பிறழின் ஒழுக்கமும் பிறழும். இது பெருநூல்கட்கேயன்றி ஐந்தே அடிகளாலாகிய சிறு வாசகத்திற்கும் ஒக்கும். ஜப்பான் நாட்டிற்றோன்றி இன்று பல தேயத்தும் பரவியுள்ள 'ரெய்கி' என்னும் கைவைப்பு முறையினர் நாடோறும் ஓதும் ஐந்தொழுக்கம் அத்தகையதொரு வாசகம். அதனை ஓதுவார் பலர். சொற்கிடக்கையை நோக்கித் தம் வாழ்க்கையிற் பொருத்துவார் சிலர். ஆகலின் அதன் குணமுங் குற்றமும் ஈண்டுச் சுருங்க ஆராயப்படும்.

இதனைத் தம் மாணாக்கர்க்கு வகுத்தளித்தவர் மிக்காவோ உசுய் என்பார். அவர் 1865-ஆம் ஆண்டு பிறந்து 1926-ஆம் ஆண்டு மறைந்தவர். கியோட்டோ நகரையடுத்த குராமா மலையில் 21 நாள் உண்ணாநோன்பிருந்து இம்முறையை அடைந்தனர் என்றும், 1922-இல் தோக்கியோ நகரில் ஒரு சங்கம் நிறுவினர் என்றும் மாணாக்கர் 1927-இல் நாட்டிய நினைவுக்கல் கூறும். ஐந்தொழுக்கத்தின் கருத்தாவது: இன்றைக்கு மட்டும் சினத்தை ஒழிதல், கவலையை ஒழிதல், நன்றியுடையராதல், தம் தொழிலில் ஊக்கமுடன் முயலுதல், பிறர்பால் அன்புடன் ஒழுகுதல் என்பன. காலையும் மாலையும் கைகூப்பி இவற்றை உள்ளத்தால் நினைந்து வாயாற் சொல்லவேண்டும் என்பது அவர் விதித்த முறை.

இவ்வைந்தனுள் முன்னைய இரண்டும் விலக்கு. பின்னைய மூன்றும் விதி. களை பறித்தபின் விதைக்கும் உழவன் செயலை இம்முறைவைப்பு ஒக்கும். நன்றியுடைமையைக் குறிக்கும் சொல் ஜப்பானிய மொழியில் ஏவல் முற்றாய் நில்லாது, நம் மொழியின் வினையெச்சம் போல 'நன்றிகூர்ந்து' என்னும் வடிவில் நிற்கின்றது. அஃது அடுத்து வரும் தொழின்முயற்சியோடு சென்று முடிதற்கு இடனுண்டு. அங்ஙனங் கொள்ளின் நன்றி என்பது தனித்திருந்து எண்ணி மகிழும் உணர்ச்சியளவில் நில்லாமல், செய்யும் வேலையின் வழியே வெளிப்படுவதொன்றாம். உண்ட சோற்றுக்கு நன்றியுடையேன் என்று கண்மூடிச் சொல்லுவான் ஒருவன். தன் கடையில் நிறை குறையாது அளந்து கொடுப்பான் மற்றொருவன். வாசகத்தின் கருத்திற்கு அணுக்கமாவான் பின்னவனே என்க. தொழில் என்பதற்கு ஆண்டு எழுதப்படும் எழுத்தே, வேறு ஒலியாற் படிக்கப்படுங்கால், பௌத்தர் கூறும் கன்மத்தையும் உணர்த்தும். செயலையும் அதன் பயனாய்த் தொடர்வதையும் 'வினை' என்னும் ஒரு சொல்லாலே வழங்கும் நமக்கு இந்நயம் எளிதில் விளங்கும்.

இனி, இவ்வாசகம் கடல் கடந்தபோது எய்திய வேறுபாடு நோக்கற்பாலது. உசுயின் மாணாக்கரான ஹயாஷி என்பாரிடம் கற்று, 1937-இல் இம்முறையை ஹவாய்த் தீவிற்குக் கொணர்ந்தவர் ஹவாயோ தக்காத்தா அம்மையார். அவர் வழி வந்த ஆங்கில வாசகத்திற் பெற்றோரையும் ஆசிரியரையும் மூத்தோரையும் போற்றுதல் புதிதாய்ப் புகுந்தது. தொழிலில் முயலுதல், நேர்மையாற் பொருளீட்டுதல் என மாறிற்று. பிறர்பால் அன்பு போய், எல்லாவுயிர்க்கும் நன்றி என விரிந்தது. இவையும் நல்லனவேயெனினும் இவற்றால் இழந்தனவும் உள. பொருளீட்டுதல் ஊதியம் பெறுவார்க்கே உரியது. தொழிலில் முயலுதலோ அடுப்படியில் உழைக்குந் தாய்க்கும், பாடம் படிக்குஞ் சிறுவனுக்கும், ஓய்வுற்று வீட்டிலிருக்கும் முதியோர்க்கும் ஒப்ப உரியது. எல்லாவுயிரையும் எண்ணுவான் தன் திண்ணையில் வந்து நிற்கும் அயலானை மறத்தலும் எளிது. ஆகலின் முதல்வாசகமே நாள்வாழ்க்கைக்குச் சிறந்ததென்பது எம் துணிபு.

'இன்றைக்கு மட்டும்' என்னும் அடையே இவ்வாசகத்தின் உயிர்நிலை. அற்றேல், நாளைச் சினக்கலாம் போலும் எனின், அற்றன்று. நாளை என்பது வருங்கால் இன்று என்றே வரும். வாழ்நாள் முழுதும் சினவேன் என்று சூளுரைப்பான் மூன்றாம் நாளிற் சூள் தவறி, அதனை அடியோடு கைவிடுவான். இன்று மாலைவரை என்று எல்லை வகுத்துக்கொள்வானோ, தவறினும் மறுநாட் காலையில் மீளத் தொடங்குவான். காலையில் ஓதுவது துணிவு; மாலையில் ஓதுவது கணக்கு. இடையே கிடக்கும் பகற்பொழுதே ஒழுக்கத்திற்குரிய களம். மகன் பொய்யுரைத்தவழியும், ஏவலாளன் வேலையைக் கெடுத்தவழியும் அவரைத் திருத்துதல் கடன், சினத்தல் கடனன்று. இவ்விரண்டையும் பிரித்தறியும் பயிற்சியே முதலொழுக்கத்தின் பயன்.

கவலையொழிதலைச் சோம்பலென மயங்குவாரும் உளர். 1923-ஆம் ஆண்டு செப்டம்பர்த் திங்கள் முதனாள் தோக்கியோப் பகுதியை அழித்த நிலநடுக்கத்தில் நூறாயிரவர்க்கு மேற்பட்டோர் மாண்டனர். அப்பொழுது உசுய் நாடோறும் நகரெங்குஞ் சென்று துன்புற்றார்க்குத் துணைநின்றார் என நினைவுக்கல் கூறும். கவலையொழிந்தார் செயலொழிந்தாரல்லர் என்பதற்கு இதனினுஞ் சான்று வேண்டா. பிணியுற்ற குழவியை மடியிலிட்டு வருந்துதல் கவலை. எடுத்துக்கொண்டு மருத்துவரிடம் விரைதல் கடமை. முன்னதை விடுத்துப் பின்னதைப் பற்றுக என்பதே இரண்டாம் ஒழுக்கம்.

இனிக் குற்றமும் கூறுதும். இவ்வாசகத்தின் தலைப்பு, இதனை நலத்தை வரவழைக்கும் மறைமுறையென்றும் எல்லாப் பிணிக்கும் மருந்தென்றும் புகழ்கின்றது. இஃது அமைவுடைத்தன்று. என்னை? கைவைத்தலாற் செல்லுவதாகக் கூறும் ஆற்றல் அறிவியல் முறையால் நிறுவப்பட்டதன்று; யாதொரு நோயையும் அம்முறை தீர்க்குமென்பதும் ஆராய்ச்சியால் உறுதிப்படவில்லை. நீரிழிவுடையான் ஒருவன் கவலையை ஒழித்தேன் என்று மருந்தையும் ஒழிப்பானாயின், நல்லொழுக்கமே அவனுக்கு நஞ்சாய் முடியும். அதனை அவனுக்குக் கற்பித்தார் அப்பழியினின்றுந் தப்பார். அன்றியும், நோய் தீரும் என்று அன்புசெய்வான், நோய் தீராதவழி அன்பையுங் கைவிடுவான். பயன்கருதி விலைக்குக் கொண்ட ஒழுக்கம் ஒழுக்கமாய் நில்லாது. கொள்வினை கொடுப்பினையாய்ப் போம்.

ஆகலின் இவ்வைந்தையும் மேற்கொள்ள விழைவார் மருந்தென்னும் பெயரை நீக்கி, ஒழுக்கமெனவே கொள்க. நோய்க்கு மருத்துவரை நாடுக. காலையில் ஒன்றைத் துணிந்து, பகலில் அதன்வழி நின்று, மாலையில் தம் நெஞ்சொடு கணக்குப் பார்க்க. ஒருநாளிற் கடுஞ்சொல் ஒன்று குறைந்ததாயின், அப்பயனை முதற்கண் நுகர்வார் தம்மோடு ஒரு கூரையின்கீழ் வாழ்வாரேயாவர். அதனை அவர் முகமே காட்டும்.