நத்தையைக் கொல்ல ஒரு மீன்

மீன் தொட்டி வைத்திருக்கும் யாரிடமாவது "தொட்டியில நத்தை வந்துடுச்சு" என்று சொல்லிப் பாருங்கள். சோற்றில் கரப்பான் பூச்சி கிடந்த மாதிரி முகம் சுளிப்பார்கள். அடுத்து யோசனைகள் வரும். தாமிரம் கலந்த மருந்து ஊத்துங்க, நத்தை தின்னும் நத்தை வாங்கி விடுங்க, லோச் மீன் விடுங்க, பஃபர் விடுங்க. எந்த வகை நத்தை, நீங்கள் தீனி எவ்வளவு போடுகிறீர்கள் என்று முதலில் கேட்பவர் அபூர்வம். இந்த யோசனைகள் மேல் எனக்கு ரொம்ப நாளாகவே கோபம் உண்டு.

முதல் குறை, எல்லாவற்றையும் வெறும் 'நத்தை' என்று சொல்லிவிடுவது. செடியோடு ஒட்டிக்கொண்டு வருபவை பெரும்பாலும் மூன்று வகை. ஒன்று ஃபைசா. சின்னது, ஓட்டுக் கூர்மையை மேலே வைத்து வாயை நம் பக்கம் திருப்பினால் வாய் இடப்பக்கம் இருக்கும். பெரும்பாலான நத்தைகளுக்கு வலப்பக்கம். 1805இல் பிரான்சில் கிடைத்ததை வைத்து இதற்குப் பெயரிட்டார்கள். பிறகுதான் இது வட அமெரிக்காவிலிருந்து வந்து உலகம் முழுக்கப் பரவியது என்று தெரிந்தது. இரண்டாவது, தட்டையாகச் சுருண்ட ராம்ஸ்ஹார்ன். இதன் ரத்தத்தில் நம்மைப் போலவே ஹீமோகுளோபின் உண்டு, அதனால்தான் சிலவற்றின் உடம்பு சிவப்பாகத் தெரிகிறது. இந்த இரண்டும் ஆண், பெண் இரண்டும் சேர்ந்த உடம்பு. துணை கிடைக்காவிட்டால் ஒற்றை நத்தையே முட்டையிடும். கண்ணாடியில் ஜெல்லி மாதிரி ஒட்டியிருக்கும்.

மூன்றாவது, நீளக் கூம்பு போன்ற மலேசியன் ட்ரம்பெட். பெயர்தான் மலேசியன், நம் ஊர்க் குளங்களிலும் இருப்பதுதான். இது முட்டையே இடாது, குட்டி போடும். பெரும்பாலும் ஆணே தேவையில்லை. பகலெல்லாம் மணலுக்குள் புதைந்திருந்து ராத்திரி வெளியே வரும். "முட்டையைச் சுரண்டி எடுத்துடுங்க" என்ற யோசனையைக் கேட்டு மாதக்கணக்கில் கண்ணாடியையே பார்த்துக்கொண்டிருந்த ஒருவரை எனக்குத் தெரியும். அவர் தொட்டியில் இருந்தது ட்ரம்பெட்.

இந்த மூன்றுக்கும் பொதுவான விஷயம் ஒன்று உண்டு, அதைத்தான் யோசனை சொல்பவர்கள் விட்டுவிடுகிறார்கள். மீன் தின்னாமல் விட்ட தீனி, அழுகிய இலை, பாசி, இவைதான் இவற்றின் சாப்பாடு. சாப்பாடு இருக்கும் அளவுக்குத்தான் எண்ணிக்கை. பத்து நத்தை முந்நூறு ஆனால், முந்நூறு நத்தைக்குப் போதுமான மிச்சத்தை நாம் போட்டிருக்கிறோம் என்று அர்த்தம். நத்தையை மட்டும் ஒழித்தால் அந்த மிச்சம் அங்கேயே கிடந்து அழுகும்.

தாமிர மருந்தின் கதை இங்கேதான் விபரீதமாகிறது. தாமிரம் நத்தையைக் கொல்லும், சந்தேகமே இல்லை. அதே தொட்டியில் செர்ரி இறால் இருந்தால் அதையும் கொல்லும். மணலுக்குள் நூற்றுக்கணக்கில் செத்த நத்தைகள் ஒரே நேரத்தில் அழுகினால் அம்மோனியா ஏறும், மீன்கள் மேலே வந்து வாயைப் பிளக்கும். கடைசியில் பழி நத்தைக்கு.

அசாசின் நத்தை உண்மையிலேயே வேலை செய்யும், மெதுவாக. லோச்களில் சில வகை ஒரு அடி வரை வளரும், கூட்டமாக வாழும். இரண்டு அடித் தொட்டிக்கு அதை வாங்கச் சொல்பவரை என்ன சொல்ல?

என் கோபம் அதிகமாக இருப்பது பஃபர் மேல். மீன் மேல் இல்லை, அந்த யோசனை மேல். பீ பஃபர் என்று விற்கப்படும் குட்டி மீனின் அறிவியல் பெயரிலேயே திருவிதாங்கூர் இருக்கிறது. ஹோராவும் நாயரும் 1941இல் விவரித்தது, பம்பை ஆற்று மீன். மேற்குத் தொடர்ச்சி மலையின் ஆறுகளைத் தவிர இதற்கு வேறு ஊர் கிடையாது. ஐ.யூ.சி.என். பட்டியலில் அழிவை நோக்கிப் போகக்கூடிய இனம். வண்ண மீன் வியாபாரத்துக்காக ஆற்றிலிருந்தே பிடிக்கிறார்கள். இலவசமாக வந்த நத்தையைக் கொல்ல, இப்படி ஒரு மீனைக் காசு கொடுத்து வாங்கச் சொல்கிறார்கள்.

சரி, வாங்கியாயிற்று. அது நத்தையைத் தின்னும், ஃபைட்டர் மீனின் துடுப்பையும் கடிக்கும். நத்தை தீர்ந்ததும் கடைத் தீனியைப் பெரும்பாலும் தொடாது, உயிருள்ளதோ உறைந்ததோ வேண்டும். அதனால் பஃபரை ஒழுங்காக வளர்ப்பவர்கள் என்ன செய்கிறார்கள் தெரியுமா? தனியாக ஒரு வாளி வைத்து அதில் நத்தை வளர்க்கிறார்கள்!

இன்னொரு வேடிக்கை. நத்தையை இப்படி வெறுக்கும் அதே ஆள் கடையில் மஞ்சள் நிற 'மிஸ்டரி' நத்தையைப் பார்த்தால் காசு கொடுத்து வாங்குவார். அது பொமேசியா என்ற, அமெரிக்கக் கண்டங்களைச் சேர்ந்த பேரினம். அதில் ஒரு இனத்தை 1980 வாக்கில் உணவுக்காகத் தைவானுக்குக் கொண்டுபோனார்கள். அங்கிருந்து ஆசிய நெல் வயல்களில் பரவி நாற்றையெல்லாம் தின்று தீர்த்தது. 2012இல் ஐரோப்பிய ஒன்றியம் பேரினத்தையே தடை செய்தது. கடையில் விற்பது பெரும்பாலும் வேறு, சாதுவான இனம்தான். ஆனால் குஞ்சாக இருக்கும்போது ஓட்டை வைத்து வித்தியாசம் கண்டுபிடிப்பது கஷ்டம். ஆக, தஞ்சாவூர்ப் பக்கம் வாய்க்காலில் தவறி விழுந்தால் நான் பயப்பட வேண்டியது நான் ஆசையாக வாங்கிய நத்தைக்குத்தான், மருந்து ஊற்றிக் கொன்ற ட்ரம்பெட்டுக்கு இல்லை. அது ஏற்கெனவே அந்த வாய்க்காலில் இருக்கும்.

செல்லம், தொல்லை என்ற பிரிவு நிறத்தையும் விலையையும் பார்த்துப் போட்டது என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. சட்டங்களும் இதில் ஒன்றுபோல் இல்லை. பிரிட்டனின் 2022 சட்டம் இறால், நண்டு, ஆக்டோபஸ் போன்றவற்றை உணர்வுள்ளவை என்று ஏற்றுக்கொண்டது. நத்தை அதில் இல்லை. ஒரே தொட்டியில் இறால் உள்ளே, நத்தை வெளியே. நம் 1960 விலங்குவதைத் தடுப்புச் சட்டத்திலோ மனிதன் தவிர்த்த எந்த உயிரும் விலங்குதான். எழுத்துப்படி பார்த்தால் ஃபைசாவும் அதில் அடக்கம். யாரும் அதற்காகப் புகார் கொடுக்கப் போவதில்லை என்பது வேறு.

நான் கொல்வதில்லை என்று சொல்ல மாட்டேன். தீனியை ஒரு வேளையாக்கினேன், அதுவும் இரண்டு நிமிஷத்தில் மீன் தின்று முடிக்கும் அளவு. ராத்திரி ஒரு துண்டு வெள்ளரிக்காயைப் போட்டு, காலையில் மேலே மொய்த்திருக்கும் நத்தைகளோடு தூக்கிவிடுவேன். தூக்கியவற்றை நசுக்கி மீனுக்கே போடுகிறேன். உப்பிலோ மருந்திலோ மெதுவாகச் சாவதைவிட அது சட்டென்று முடிகிறது. ஒன்றரை மாதத்தில் கூட்டம் குறைந்தது. இன்னும் இருக்கின்றன, கண்ணாடிப் பாசியை நான் சுரண்டுவதில்லை. புதுச் செடி வந்தால் இரண்டு மூன்று வாரம் வாளியில் தனியாகக் கிடக்கும். அந்த வாளித் தண்ணீரை மட்டும் வாய்க்காலில் கொட்டாமல் மாடியில் வெயில் அடிக்கும் இடமாகப் பார்த்து ஊற்றிவிடுகிறேன்.