புள்ளியிற் கட்டிய வீடு

நீளம், அகலம், உயரம் என்னும் மூன்றினையும் தட்டையான தாளொன்றிற் காட்டுதற்குச் சித்திரம் தீட்டுவோர் பல வழிகளைக் கண்டனர். அண்மையிலுள்ளதைப் பெரிதாகவும் சேய்மையிலுள்ளதைச் சிறிதாகவும் வரைவது ஒரு வழி. அவ்வேறுபாடின்றி யாவற்றையும் ஒரே அளவில் வரைவது பிறிதொரு வழி. பின்னையதை ஐசோமெற்றிக் என வழங்கும் சமவளவு எறியம் என்பர். கேம்பிறிட்ஜ் பல்கலைக்கழகப் பேராசிரியர் வில்லியம் பாரிஷ் 1822 ஆம் ஆண்டில் இதற்கு முறை வகுத்தார். அவர்தம் விரிவுரைக்குரிய இயந்திர மாதிரிகளை உதவியாளர் படத்தைப் பார்த்தே பூட்ட வேண்டியிருந்தது. ஆகவே இம்முறை பிறந்தது அழகின் பொருட்டன்று. அளவு பிழையாமையின் பொருட்டே என்க.

கணினி விளையாட்டுகள் இம்முறையைக் கைக்கொண்டதற்குக் காரணம் சிக்கனமாகும். ஒருமுறை வரைந்த கதிரையைத் திரையின் எம்மூலையிலும் அளவு மாற்றாது வைக்கலாம். 1984 இல் வெளிவந்த 'நைற் லோர்' போன்ற விளையாட்டுகள் சிறு கணினியிலும் அறைகளைக் கனபரிமாணத்துடன் காட்டியது இதனாலேயாம். பெரு நிறுவனங்கள் வேறு வழி சென்ற பின்னரும், சிறு முதலுடன் தனித்தியங்கும் படைப்பாளிகள் இதனைக் கைவிட்டாரில்லர்.

இவர்களது சித்திரத்தின் அலகு பிக்சல் எனப்படும் படப்புள்ளி. முறைப்படி தளக்கோடுகள் கிடைக்கோட்டுடன் 30 பாகை சாய்தல் வேண்டும். அச்சாய்வில் சதுரப் புள்ளிகளை அடுக்கினால் கோட்டின் படிகள் ஒழுங்கின்றிச் சிதறும். ஆதலின் கிடையாக இரண்டு, நிலைக்குத்தாக ஒன்று என்னும் விகிதத்தைக் கொண்டனர். சாய்வு ஏறத்தாழ 26.6 பாகையாகும். கணிதநூலார் இதனைச் சரியான சமவளவு என ஒப்பார். எனினும் கண்ணுக்கு நேரிய கோடு கிட்டுகிறது.

புள்ளியை ஒழுங்கில் நிறுத்தி உருவம் காண்பது நமக்குப் புதிதன்று. சமதூரத்தில் இட்ட ஊடுபுள்ளிக் கோலத்தின் புள்ளிவரிசையைச் சற்றே திருப்பி நோக்கின், அது சமவளவுப் படம் வரையும் புள்ளித்தாளேயாம். தாம்பரத்திலுள்ள சென்னைக் கிறித்தவக் கல்லூரியைச் சேர்ந்த கிப்ற் சிரோமணியும் உடனாய்வாளரும் 1974 இல் கோலத்தைக் கணினியின் உருவ இலக்கணத்துடன் இணைத்து ஆய்வுரை வெளியிட்டமையும் ஈண்டு நினைவுகூரத் தக்கது. ஆயினும் ஒரு வேற்றுமையுண்டு: கோலத்திற் புள்ளி வழிகாட்டி, இங்கோ புள்ளியே பொருள்.

இக்கலையின் ஆற்றலை ஆராய்தற்கு அவுஸ்திரேலியாவின் பிறிஸ்பேன் நகரத்து விற்ச் பீம் குழுவினர் 2021 இல் வெளியிட்ட 'அன்பக்கிங்' ஏற்றதாகும். பொதி அவிழ்த்தல் என்பது பெயரின் பொருள். 1997 முதல் 2018 வரை ஒரு பெண் எட்டு முறை வீடு மாறுகிறாள். அவள் முகத்தை நாம் காண்பதில்லை, உரையாடலும் இல்லை. அவளது பெட்டிகளைத் திறந்து பொருள்களை உரிய இடத்தில் வைப்பதே ஆடுவோர் செயல். 2010 இல் அவள் காதலனுடன் குடியேறுகிறாள். அவளது பட்டச் சான்றிதழுக்குச் சுவரில் இடமில்லை. கட்டிலின் கீழேதான் அது செல்லவேண்டும். சில புள்ளிகளாலான அச்சிறு சட்டத்தைப் பெரிதாக்கியோ ஒளியூட்டியோ சித்திரக்காரர் சுட்டவில்லை. தேநீர்க் கோப்பைக்குரிய அளவுநேர்மையே அதற்கும் உரியது. எதனையும் மிகுத்துக் காட்டாமையால், எது பெரிது என நிறுக்கும் பொறுப்பு ஆடுவோர் நெஞ்சினதாகிறது. இவ்வடக்கமே இச்சித்திரத்தின் தலையாய குணம் என்பது எம் துணிபு.

குறையும் உண்டு. இங்கே பெட்டிகள் தவறாது வந்து சேர்கின்றன. அவிழ்த்த பொருளுக்கெல்லாம் ஓரிடம் கிட்டுகிறது. 1995 ஒக்ரோபர் 30 இல் வலிகாமத்தை விட்டுத் தென்மராட்சி நோக்கி நடந்த மக்களுக்குப் பெட்டி கட்டவே பொழுதிருக்கவில்லை. அவர்தம் கதை கொண்டுவந்த பொருளிலன்று, விட்டுவந்த பொருளிலேயே உள்ளது. அதனைச் சொல்ல இவ்விளையாட்டின் அமைப்புப் போதாது. ஆனால் இதன் சித்திரமுறை போதும். யாவும் ஒரே அளவில் நிற்கும் படத்தில், மாடத்தில் விளக்கு இருந்த வெற்றிடமும் அளவுடன் நிற்கும்.

நமது நாற்சார் வீட்டுக்கு இம்முறை பெரிதும் இயைந்தது. தெருவில் நின்று வரைந்தால் மதிலும் விறாந்தையுமே தெரியும். வீட்டின் உயிரான நடுமுற்றம் மறையும். கூரையை நீக்கி, முன்னிரு பக்கச் சுவர்களைத் தாழ்த்தி மேலிருந்து நோக்கின், முற்றமும் சுவாமியறையும் அடுக்களையும் ஒருங்கே புலப்படும். ரொறன்ரோவில் விசை கேம்ஸ் 2023 இல் வெளியிட்ட 'வெண்பா', புலம்பெயர்ந்த தமிழ்க் குடும்பமொன்றின் சமையலைப் பொருளாகக் கொண்டு உலகின் பாராட்டைப் பெற்றது. அதன் சித்திரம் இவ்வகையினதன்று. எனினும் நம் வீட்டுப் பொருள் விளையாட்டுக்கேற்ற கரு என்பதற்கு அது சான்று பகரும்.

இத்துறையில் இறங்க விழையும் மாணாக்கர் பிறநாட்டு மாளிகைகளைப் பார்த்துப் படியெடுத்தல் வேண்டா. இடிந்தும் பூட்டப்பட்டும் கிடக்கும் நாற்சார் வீடொன்றை உரியவரிடம் இசைவு பெற்று, அளவுநாடாவுடன் சென்று அளந்து வருக. ஒரு முழத்துக்குத் தளத்தில் எத்தனை புள்ளி, உயரத்தில் எத்தனை புள்ளி என முதலில் வரையறுத்துக் கொள்க. பின்னர் வரைக. விளையாட்டு முற்றுப்பெறாது போயினும், அவ்வீடு எவ்வாறிருந்தது என்பதற்கு அளவு பிழையாத ஒரு சான்றேனும் எஞ்சும்.